வாசகர் கேள்வி - பதில்: யாரோ எழுதிய கோடு, நம் மெஷினில்

சென்ற இதழில் மென்பொருள் சப்ளை செயின் தாக்குதல் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். நாம் எழுதும் புரோகிராமை நேரடியாக உடைக்காமல், அதற்காக வெளியிலிருந்து எடுத்துப் போடும் பேக்கேஜிலோ (மற்றவர்கள் எழுதிப் பகிரும் கோடுத் தொகுப்பு), பில்டு கருவியிலோ (கோடை ஓடும் மென்பொருளாகக் கட்டுவது) நஞ்சைக் கலந்துவிடுவதுதான் அது. அதற்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கங்களை நிரப்பிவிட்டன. பலர் வேலை பார்க்கும் இடத்தைப் பற்றியும் எழுதியிருப்பதால் பெயர்களை எடுத்துவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது. பதினேழு வருடமாக பில்டு, ரிலீஸ் வேலையிலேயே இருப்பவள் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேடம், எனக்கு இரண்டு வருட அனுபவம்தான். சாதாரண ரியாக்ட் டெவலப்பர். ஹேக்கர்கள் வங்கியையும் பெரிய கம்பெனியையும்தானே தேடுவார்கள்? என் லேப்டாப்பில் அப்படி என்ன இருக்கிறது?
- வாசகர், வேளச்சேரி

இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். டெர்மினலைத் திறந்து உங்கள் ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் கோப்புகளையும் சேர்த்துப் பட்டியல் எடுங்கள். புள்ளியில் தொடங்கும் பெயர்களாக வரிசையாக வரும். எஸ்எஸ்எச் (தூரத்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) ஃபோல்டரில் உங்கள் பிரைவேட் கீ. அடுத்து என்பிஎம் டோக்கன், அதாவது ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான என்பிஎம்முக்குள் பாஸ்வேர்டு கேட்காமல் விடும் சாவி. அதற்கடுத்து அமேசான் கிளவுடின் சாவி. ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் போனால் டாட் என்வி என்ற செட்டிங் கோப்பு. அதில் "ரெண்டு நாளைக்கு மட்டும்" என்று லைவ் டேட்டாபேஸின் பாஸ்வேர்டை ஒட்டி வைத்தது அப்படியே இருக்கும். எல்லாம் சாதாரண எழுத்தாக, பூட்டில்லாமல். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், உங்கள் கம்பெனியின் எத்தனை கதவுகளுக்கு உங்களிடம் சாவி இருக்கிறது என்று நீங்களே எண்ணிவிடலாம்.

இன்னொன்று. என்பிஎம் இன்ஸ்டால் என்பது கோப்பை இறக்கி வைப்பதோடு நிற்பதில்லை. இன்ஸ்டால் ஆகும்போதே ஓட வேண்டிய ஸ்கிரிப்டை ஒரு பேக்கேஜ் தன்னோடு கொண்டு வரலாம். நீங்கள் அதை உங்கள் கோடில் இம்போர்ட் செய்யும் முன்பே, உங்கள் யூசருக்கு என்னென்ன உரிமை உண்டோ அத்தனையோடும் அது ஓடி முடித்திருக்கும். கட்டளை கொடுத்தது நீங்கள் என்பதால் ஆன்டிவைரஸும் பெரும்பாலும் கண்டுகொள்ளாது.

2025 செப்டம்பரில் ஷாய் ஹுலுத் என்ற புழு என்பிஎம்மில் பரவியபோது இதுதான் நடந்தது. தொற்றிய மெஷினில் ட்ரஃபிள்ஹாக் என்ற கருவியை ஓட்டி ரகசியங்களைத் தேடியது. அந்தக் கருவி நல்ல வேலைக்காக, நம்மைப் போன்றவர்கள் பயன்படுத்துவதற்காக எழுதப்பட்டது. சிக்கியதையெல்லாம், கோடு சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் பாதிக்கப்பட்டவரின் சொந்தக் கணக்கிலேயே ஒரு ரெப்போ (கோடுக் கிடங்கு) திறந்து, ஊர் பார்க்கப் போட்டுவிட்டது. என்பிஎம் டோக்கன் கிடைத்தால், அவர் பராமரிக்கும் மற்ற பேக்கேஜ்களிலும் தன்னைச் சேர்த்து, அவர் பெயரிலேயே புது வெர்ஷன் வெளியிட்டது. இப்படி 500க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள். உங்களை யாரும் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கவில்லை. சாவி இருந்த மெஷின் எல்லாமே அதற்கு ஒன்றுதான்.

அக்கா, எம்சிஏ முடித்துவிட்டு எட்டு மாதமாக வேலை தேடுகிறேன். லிங்க்ட்இன்னில் ஒருவர் பேசினார். ரிமோட் வேலை, நல்ல சம்பளம் என்றார். இன்டர்வியூவுக்கு முன்னால் கிட்ஹப்பிலிருந்து ஒரு ப்ராஜெக்டை இறக்கி ஓட்டி, ஒரு பிழையைச் சரிசெய்யச் சொன்னார். ஓட்டினேன். மறுநாள் அவருடைய கணக்கையே காணோம். அது அண்ணனுடைய லேப்டாப். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
- வாசகி, திருச்சி

இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே உங்களுக்குத் தனியாக பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் அண்ணனிடம் சொல்லுங்கள், இன்றைக்கே. அவருடைய பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் அந்த லேப்டாப்பில்தான் இருக்கின்றன. அவரும் உடனே வேலையில் இறங்க வேண்டும். வைஃபையைத் துண்டித்துவிடுங்கள். பாஸ்வேர்டு மாற்றுவதை அந்த லேப்டாப்பில் செய்யவே செய்யாதீர்கள், நீங்கள் தட்டுவதை இன்னமும் யாரோ படித்துக்கொண்டிருக்கலாம். ஃபோனிலோ வேறு மெஷினிலோ செய்யுங்கள். மெயிலில் தொடங்குங்கள், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குகளையும் திறக்கும் ரீசெட் லிங்க் அங்கேதான் வருகிறது. மாற்றியதும் "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்ற இடத்தையும் மறக்காமல் அழுத்துங்கள். திருடிய லாகின் குக்கீ கையில் இருந்தால், பாஸ்வேர்டு தெரியாமலே உள்ளே வரலாம். அப்புறம் வங்கி. அப்புறம் கிட்ஹப் டோக்கன்கள், எஸ்எஸ்எச் சாவிகள். எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டுப் புதிதாக எடுங்கள். போட்டோ, சர்டிஃபிகேட் ஸ்கேன் போன்றவற்றை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு, டிஸ்க்கை அழித்து ஆபரேட்டிங் சிஸ்டத்தை முதலிலிருந்து போடுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே கூப்பிடுங்கள்.

தப்பு உங்கள் மேல் இல்லை. இது பல ஆண்டுகளாக நடந்து வரும் தந்திரம். பாலோ ஆல்ட்டோ நெட்வொர்க்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் யூனிட் 42 குழு 2023லேயே இதை விவரித்து, "தொற்றும் இன்டர்வியூ" என்ற பொருளில் பெயரும் வைத்தது. பின்னால் இருப்பவர்கள் வட கொரியாவைச் சேர்ந்தவர்கள் என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பிரவுசரில் இருப்பதையும் கிரிப்டோ வாலட்டுகளையும் அள்ளிக்கொண்டு போவதுதான் முக்கிய நோக்கம். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்: வேலை கேட்டு நிற்பவருக்கு "முடியாது" என்று சொல்லும் தெம்பு இருக்காது. அது தெரிந்துதான் அவர்களைத் தேடி வருகிறார்கள்.

அடுத்த முறை இப்படி யாராவது கேட்டால் ஒரு விர்ச்சுவல் மெஷினிலோ, பிரவுசர் வழியாகத் திறந்து கிளவுடில் ஓடும் கோட்ஸ்பேஸ் மாதிரி ஒன்றிலோ ஓட்டிக் காட்டுங்கள். உண்மையான கம்பெனி அதற்காகக் கோபித்துக்கொள்ளாது. நான் இன்டர்வியூ எடுக்கும்போது யாராவது அப்படிச் செய்தால், அவரைத்தான் முதலில் எடுப்பேன்.

எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளில் 2024இல் நஞ்சு கலந்த விவகாரத்தை அரை நொடித் தாமதத்தை வைத்து ஒருவர் கண்டுபிடித்தார் என்கிறார்கள். நம்ப முடியவில்லை. கொஞ்சம் விளக்க முடியுமா? நான் ஒரு கல்லூரியின் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன்.
- வாசகர், திருநெல்வேலி

உண்மைதான். ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் எஞ்சினியர், போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸை உருவாக்குபவர்களில் ஒருவர். டெபியன் லினக்ஸின் நிலைப்படாத பதிப்பில் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். அந்த மாதிரி அளவை எடுக்கும்போது மெஷினில் வேறு எதுவும் ஓடக் கூடாது. அப்போது எஸ்எஸ்எச் சர்வர் தேவைக்கு மேல் சிபியூவைத் தின்பது கண்ணில் பட்டது. இணையத்தில் இருக்கும் எந்த சர்வரையும் யாராவது தப்பான பெயரில் தட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். அதை மறுக்க ஏன் இவ்வளவு உழைப்பு என்று அளந்து பார்த்தார். முன்பு 0.299 நொடி எடுத்தது 0.807 நொடி ஆகியிருந்தது. நோண்டிக்கொண்டே போனதில் நேரம் செலவாவது எக்ஸ்இசட்டின் பகுதியான லிப்எல்இசட்எம்ஏ என்ற, கோப்புகளைச் சுருக்கும் லைப்ரரியில் என்று தெரிந்தது. சில வாரங்களுக்கு முன்பு வால்கிரைண்ட் என்ற, நினைவகப் பிழைகளைத் தேடும் கருவியின் சோதனையில் வந்த ஒரு வினோதமான எச்சரிக்கையும் நினைவுக்கு வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து, 2024 மார்ச் 29 அன்று, பெரிய வெள்ளிக்கிழமை, உலகத்துக்கு எழுதினார்.

அவர் கண்டுபிடித்தது ஒரு பின்வாசல். குறிப்பிட்ட ஒரு ரகசியச் சாவியை வைத்திருப்பவர், லாகின் செய்யாமலே அந்த மெஷினில் எந்தக் கட்டளையையும் ஓட்டலாம். எஸ்எஸ்எச்சுக்கும் கோப்புச் சுருக்கத்துக்கும் நேரடி உறவே கிடையாது. டெபியன், ஃபெடோரா போன்றவை, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்காக எஸ்எஸ்எச்சில் ஒரு சின்ன ஒட்டுப் போட்டிருந்தன. அந்த ஒட்டு ஒரு லைப்ரரியை இழுக்க, அது இன்னொன்றை இழுக்க, கடைசியில் வந்து நின்றது லிப்எல்இசட்எம்ஏ.

நஞ்சை ஒளித்து வைத்த இடத்தைக் கேளுங்கள். "கெட்டுப்போன கோப்பைச் சரியாகக் கையாள்கிறதா" என்று பார்க்கும் டெஸ்ட்டுக்காக வைத்த மாதிரிக் கோப்புகள் சில. அவை பைனரி. கெட்டுப்போனதாகவே இருக்க வேண்டியவை என்பதால் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். அதை வெளியே எடுத்து பில்டில் சேர்க்கும் ஸ்கிரிப்ட், கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் இல்லவே இல்லை, வெளியீட்டுக்கென்று கட்டிய டார் கோப்பில் மட்டும் இருந்தது. கிட்டைப் பார்த்து கோடு ரிவ்யூ செய்த யாருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. இன்னொரு இடத்தில், லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வேலி இருக்கிறதா என்று பார்க்கும் சின்ன சோதனைக் கோடின் நடுவே தனியாக ஒரு புள்ளி. அந்தப் புள்ளியால் சோதனை கம்பைல் ஆகாது, கம்பைல் ஆகாததால் "வேலி இந்த மெஷினில் இல்லை" என்று பில்டு முடிவு செய்துவிடும். அந்த மாற்றத்தை நான் திரையில் பெரிதாக்கித்தான் பார்த்தேன். எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகும் இரண்டாம் முறைதான் கண்ணுக்குப் பட்டது.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது கோடு அல்ல, அதற்கு முன்னால் நடந்த கதை. எக்ஸ்இசட்டை வருடக்கணக்காக, சம்பளமில்லாமல், ஏறக்குறைய ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார் ஒருவர். ஜியா டான் என்ற பெயரில் 2021இல் ஒருவர் வந்து நல்ல நல்ல திருத்தங்களாக அனுப்பத் தொடங்கினார். 2022இல் வேறு சில பெயர்கள் மெயிலிங் லிஸ்டில் முளைத்தன. "வேலை நகரவே இல்லை", "வேறு ஆளிடம் கொடுங்கள்" என்று நச்சரித்தன. தனக்கு மனநலச் சிக்கல் இருக்கிறது, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் மறக்க வேண்டாம் என்று அந்த மனிதர் பொதுவில் எழுதினார். அதற்கும் நச்சரிப்புதான் பதிலாக வந்தது. கடைசியில் உதவிக்கு வந்தவருக்கு உரிமை கொடுத்தார். அந்த ஜியா டான் யார், ஒரு ஆளா ஒரு குழுவா என்பது வெளியே வரவேயில்லை. களைத்துப்போன ஒரு மனிதரைப் பார்த்து, இரண்டு வருடம் பொறுமையாக நட்பாகப் பழகி, பிறகு கழுத்தறுத்திருக்கிறார்கள்.

உங்கள் சர்வர்களுக்கு வருவோம். நஞ்சு இருந்தது 5.6.0, 5.6.1 இரண்டிலும். டெபியனின் நிலையான பதிப்புக்கு அது வரவில்லை. கல்லூரி சர்வர்களில் பெரும்பாலும் நிலையான பதிப்புதான் இருக்கும், ஆனாலும் ஒருமுறை வெர்ஷனைப் பார்த்துவிடுங்கள்.

2025 செப்டம்பரில் சாக், டீபக் போன்ற என்பிஎம் பேக்கேஜ்களை வைத்திருந்தவர் இருபடிச் சரிபார்ப்பு போட்டிருந்தாராம். அப்படியும் எப்படி ஏமாந்தார்?
- வாசகி, பெங்களூரு

அவருக்கு ஒரு மெயில் வந்தது. "உங்கள் இருபடிச் சரிபார்ப்பைப் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் செப்டம்பர் 10 முதல் கணக்கு பூட்டப்படும்." அனுப்பிய முகவரி என்பிஎம்ஜேஎஸ் டாட் ஹெல்ப். உண்மையான தளம் டாட் காம். லிங்க்கை அழுத்தினால் அசல் மாதிரியே ஒரு பக்கம். அங்கே தட்டிய பாஸ்வேர்டையும் ஆறு இலக்க எண்ணையும் அந்த நிமிடமே வாங்கி அசல் தளத்தில் போட்டுவிட்டார்கள். ஆறு இலக்க எண்ணுக்கு, தன்னை எந்தத் தளத்தில் தட்டுகிறார்கள் என்று தெரியாது. அதுதான் ஓட்டை.

செப்டம்பர் 8 அன்று அவருடைய பதினெட்டு பேக்கேஜ்களில் நஞ்சு ஏறியது. எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 200 கோடி முறைக்கு மேல் இறக்கப்படுபவை. பிரவுசரில் யாராவது கிரிப்டோ பணம் அனுப்பினால், போய்ச் சேரும் முகவரியை மாற்றிவிடும் கோடு அது. சுமார் இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடித்து எடுத்துவிட்டார்கள். அவர் நடந்ததை மறைக்காமல் உடனே ஒப்புக்கொண்டதும் அதற்குப் பெரிய உதவி. அவரைத் திட்டி எழுதியவர்களைப் பார்த்து வருத்தப்பட்டேன்.

நீங்கள் பேக்கேஜ் வெளியிடுபவராக இருந்தால் பாஸ்கீக்கோ யூஎஸ்பி சாவிக்கோ மாறிவிடுங்கள். தளத்தின் பெயர் ஒரு எழுத்து மாறினாலும் அந்தச் சாவி வேலை செய்யாது. களைப்பாக இருக்கும்போது நம் கண் தவறும், அதற்கு அந்தப் பிரச்சினை இல்லை.

ஒன்பது பேர் கம்பெனி. பனியன் யூனிட்களுக்கு இஆர்பி செய்து கொடுக்கிறோம். செக்யூரிட்டிக்கு என்று தனி ஆள் வைக்க வசதியில்லை. செலவில்லாமல் என்ன செய்யலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.
- வாசகர், திருப்பூர்

எந்தப் பேக்கேஜின் எந்த வெர்ஷன் என்று குறித்து வைக்கும் லாக் ஃபைலை கிட்டில் போட்டு வையுங்கள். பில்டு மெஷினில் என்பிஎம் இன்ஸ்டால் கொடுக்காமல் என்பிஎம் சிஐ கொடுங்கள், லாக் ஃபைலில் இருக்கும் அதே வெர்ஷன்தான் வரும். இன்ஸ்டால் ஸ்கிரிப்டுகளை ஓட விடாத செட்டிங் இருக்கிறது, அதையும் போடுங்கள். ஒன்றிரண்டு பேக்கேஜ் முரண்டு பிடிக்கும், அவற்றுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். என்பிஎம்முக்கு மாற்றான பிஎன்பிஎம் என்ற கருவி 10ஆம் வெர்ஷனிலிருந்து முதலிலேயே இப்படித்தான் நடந்துகொள்கிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது காத்திருப்பது. வெளியாகி ஏழு நாள் ஆகாத வெர்ஷனை எடுக்காதே என்று பிஎன்பிஎம்மில் சொல்லி வைக்கலாம். நிமிடக் கணக்கில் கேட்கும், 10,080 என்று கொடுங்கள். சாக், டீபக் நஞ்சு இரண்டு மணி நேரத்தில் பிடிபட்டது. ஒரு வாரம் காத்திருந்தவர்களை அது தொட்டிருக்காது. எல்லாவற்றுக்கும் இது மருந்தில்லை, எக்ஸ்இசட் 5.6.0 வெளியானது பிப்ரவரி 24, பிடிபட்டது மார்ச் 29. அதே மாதிரி அவசரப் பாதுகாப்புத் திருத்தம் வந்தால் ஏழு நாள் உட்கார்ந்திருக்கக் கூடாது, அதைக் கையால் எடுங்கள்.

கிட்ஹப் ஆக்ஷன்ஸ் (பில்டு, டெஸ்ட் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி) பயன்படுத்துகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே என் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. 2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை. டிஜே ஆக்ஷன்ஸ் என்ற தொகுப்பில் "எந்தக் கோப்புகள் மாறின" என்று பார்த்துச் சொல்லும் ஒரு ஆக்ஷன், 23,000க்கும் மேற்பட்ட ரெப்போக்களில் இருந்தது. யாரோ உள்ளே புகுந்து, அதன் பழைய வெர்ஷன் டேக்குகளை எல்லாம் ஒரே நஞ்சு கமிட்டை (கோடு மாற்றத்தின் பதிவு) நோக்கித் திருப்பிவிட்டார்கள். வெர்ஷன் எண்ணைக் குறிப்பிட்டுத்தானே பயன்படுத்துகிறோம் என்று நிம்மதியாக இருந்தவர்களுக்கும் அதே நஞ்சு வந்தது. டேக் என்பது ஒரு பெயர்ப் பலகைதான், ரெப்போவில் எழுதும் உரிமை கிடைத்த யாரும் கழற்றி வேறு வீட்டில் மாட்டலாம். அது ஓடிய இடங்களில் ரகசியச் சாவிகள் பில்டு லாகில் அச்சாயின.

அப்போது நான் இருந்த அலுவலகத்தில் ஒரு ரெப்போ பொதுவில் திறந்திருந்தது, அதில் அந்த ஆக்ஷன் இருந்தது. சனிக்கிழமை காலை லாகைத் திறந்தால் நீளமாக ஒரு எழுத்துக்குவியல். பேஸ்64 என்ற எழுத்து மாற்று முறைப்படி ஒருமுறை பிரித்தேன், இன்னும் குவியல்தான். இரண்டாம் முறை பிரித்ததும் எங்கள் கிளவுட் சாவி முழுசாக வந்து நின்றது. அன்றிலிருந்து ஞாயிறு இரவு வரை சாவி மாற்றும் வேலைதான். ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தோம். அதில் ஒன்றின் பெயர் "டெம்ப் டெஸ்ட் 2". அது எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை, உருவாக்கியவர் வேலையை விட்டுப் போய் மூன்று வருடம். பயந்து பயந்து ரத்து செய்தோம். பதினைந்து நிமிடத்தில் ஒரு வாடிக்கையாளரின் இன்வாய்ஸ் அனுப்பும் வேலை நின்றது.

ஆகவே உங்களுக்கு இரண்டு வேலை. ஆக்ஷன்களை டேக் பெயரால் குறிப்பிடாமல், முழு நீள கமிட் ஹாஷால் (அந்த ஒரு கமிட்டுக்கே உரிய அடையாள எண்) குறிப்பிடுங்கள். அப்புறம் ஒரு மதியம் ஒன்பது பேரும் உட்கார்ந்து எந்தச் சாவி எங்கே, எதற்கு, யார் பொறுப்பு என்று எழுதிவிடுங்கள். ஒன்பது பேர் கம்பெனிக்கு ஒரு பக்கம் போதும்.

ஏஐ சொல்லிக் கொடுத்த பேக்கேஜை நம்பி இன்ஸ்டால் செய்யலாமா?
- வாசகர், மதுரை

பெயரை முதலில் தேடிப் பாருங்கள். இல்லாத பேக்கேஜின் பெயரை அது நம்பும்படி சொல்லும். அந்தப் பெயரை முன்கூட்டியே பதிவு செய்து நஞ்சு வைக்க முடியும். எப்போது பதிவானது, யார் வெளியிட்டது, கோடு எங்கே இருக்கிறது என்று மூன்றையும் பார்த்துவிட்டு இன்ஸ்டால் கொடுங்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ள தமிழை யூனிகோடுக்கு மாற்றும் ஒரு சின்ன பைத்தான் லைப்ரரியை ஆறு வருடமாக நான் மட்டும் பார்த்துக்கொள்கிறேன். ஒருவர் நான்கு மாதமாக நல்ல திருத்தங்கள் அனுப்புகிறார். இப்போது பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளலாமா என்று கேட்கிறார். எக்ஸ்இசட் கதை படித்த பிறகு பயமாக இருக்கிறது. மறுத்தால், உண்மையாக உதவ வந்தவரைப் புண்படுத்துவேனோ என்றும் இருக்கிறது. டெஸ்ட்டுகள் எழுதக் கூட எனக்கு நேரமில்லை.
- வாசகர், யாழ்ப்பாணம்

இந்தக் கடிதத்தை நான்கைந்து முறை படித்தேன்.

உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2018இல் ஈவன்ட் ஸ்ட்ரீம் என்ற என்பிஎம் பேக்கேஜில் இதேதான் நடந்தது. எழுதியவர் அதைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிட்டிருந்தார். முன்பின் தெரியாத ஒருவர் பார்த்துக்கொள்கிறேன் என்றார், கொடுத்துவிட்டார். வந்தவர் ஒரு புது டிபென்டன்ஸியை (அது சார்ந்து இயங்கும் வேறொரு பேக்கேஜ்) சேர்த்து, அதன் வழியாகக் கோபே என்ற பிட்காயின் வாலட்டைக் குறிவைத்தார். ஆனால் உதவிக்கு வரும் எல்லோரையும் இப்படிப் பார்த்தால் உங்களைப் போன்றவர்கள் இன்னும் தனியாகிவிடுவீர்கள். தனியாக இருந்ததால்தான் எக்ஸ்இசட்டுக்கு அது நடந்தது.

அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், வெளியிடும் உரிமையை மட்டும் பிரித்து வையுங்கள். இஷ்யூக்களுக்கு பதில் சொல்லட்டும், கோடு அனுப்பட்டும். நீங்கள் பார்க்காமல் மெயின் கிளைக்கு எதுவும் போகக் கூடாது, நீங்கள் எழுதுவதையும் அவர் பார்க்கட்டும். மாற்று அட்டவணையைத் தவிர வேறு பைனரிக் கோப்பு வந்தால் அதை எப்படி உருவாக்கினார் என்று கேளுங்கள். பைத்தான் பேக்கேஜ்களின் கிடங்கான பைபிஐயில் டிரஸ்டட் பப்ளிஷிங் என்று 2023இலிருந்து ஒரு வசதி இருக்கிறது. கிட்ஹப்பிலிருந்தே நேராக வெளியாகும், திருடுவதற்கு டோக்கன் என்று ஒன்று உங்கள் லேப்டாப்பில் இருக்காது, கிட்டில் இல்லாத எதையும் சத்தமில்லாமல் டார் கோப்பில் செருகுவதும் கடினமாகும். அதற்கு மாறிவிடுங்கள். இதையெல்லாம் அவரிடமே வெளிப்படையாகச் சொல்லுங்கள். உண்மையாக உதவ வந்தவர் இதற்காக வருத்தப்பட மாட்டார். அவசரப்படுத்தினால், அல்லது அவருக்காகப் பரிந்து பேச புதுப் பெயர்கள் திடீரென்று முளைத்தால், அங்கேயே நில்லுங்கள்.

டெஸ்ட்டுகளுக்கு நேரமில்லை என்கிறீர்கள். எங்கள் வீட்டில் அப்பா பாமினியில் தட்டி வைத்த கடிதங்கள் ஒரு ஃபோல்டர் நிறைய இருக்கின்றன. சோதனைக்கு அவை உதவும். இந்த மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை உங்கள் லைப்ரரிக்கு வைத்திருக்கிறேன். ரெப்போவின் லிங்க்கை ஆசிரியர் குழுவுக்கு அனுப்பி வையுங்கள். வெளியிடும் உரிமை எனக்கும் வேண்டாம்.